சீனாவில் ஒரு வாய்

ஜன்னல் பக்கம் அவரு இருக்கட்டும் தாயி, நீ இந்த ஓரத்துல உக்காரு. காத்து பட்டா அவருக்குக் கொஞ்சம் தேவலை. எங்க வீட்டுக்காரருதான். வாயில துண்டை வெச்சிருக்காரேன்னு பாக்காதே, எச்சி வடியுது, அதுக்காக. பேசமாட்டாரு. பேசினா வலிக்கும். அவருக்கும் சேத்து நான் பேசுறேன்ல, போதும்.

நீ மதுரைக்கா? நாங்களும் மதுரைக்குத்தான். அங்க இருந்து சீனாவுக்கு.

சிரிச்சுக்கோ. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் சிரிச்சாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி. நெசமாத்தான் சொல்றேன். மதுரையில பெனடிக்ட்னு ஒரு தம்பி இருக்கு, டூர் ஏஜெண்டு. இன்னைக்கு அதுகிட்ட நேர்ல போயி எல்லாத்தையும் முடிவு பண்ணிக் கையெழுத்துப் போடணும். அதுக்குத்தான் போறோம். இவரு என்னடான்னா வீட்டை விட்டுக் கிளம்பறப்ப ஒரு பையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு. உள்ள ரெண்டு கைலி, துண்டு, டம்ளரு, பிளாஸ்க். ஏஜெண்டு ஆபீஸுக்கு எதுக்குங்க டம்ளருன்னு கேக்குறேன். பையை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிறாரு. நோவு வந்தா மனுஷன் சின்னப்புள்ள ஆயிடுறாரு தாயி. தூக்கிட்டு வரட்டும்னு விட்டுட்டேன்.

தவசி சைனீஸ் பாஸ்ட்புட் கேள்விப்பட்டிருக்கியா? பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், தள்ளுவண்டி, முன்னாடி செகப்புல ஒரு டிராகன் போட்டிருக்கும். பாத்தா உடும்பு மாதிரி இருக்கும், எங்க ஊரு ஆர்டிஸ்டு வரைஞ்சது, அந்த ஆளு டிராகனை எங்க பாத்தாரு. அந்தத் தவசிதான் இவரு. ஆங், பாத்தியா, நீயே சாப்பிட்டிருக்கே. சில்லி சிக்கனா? எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. கல்யாணம் ஆன புதுசுல மதுரையில ஒரு ஹோட்டல்ல நேபாளி மாஸ்டருகிட்ட நின்னு கத்துக்கிட்டாரு. அதோட சரி. அதுக்கப்புறம் எல்லாம் நாக்குதான். என்னங்க, இந்தப் பொண்ணு நம்ம கடையில சாப்பிட்டிருக்காம்.

பாரு, தலையை ஆட்டுறாரு. சந்தோஷம்.

இவரு நாக்கைப் பத்தி உனக்குத் தெரியாது தாயி. இப்ப ஸ்ரீவில்லிபுத்தூருல பால்கோவா விக்க ஏறுவாங்கல்ல, கண்ணைக் கட்டிட்டு ஒரு விள்ளல் குடுத்தாப் போதும், எந்தக் கடை, அடி பிடிச்சதா பிடிக்கலையா, எல்லாம் சொல்லிருவாரு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டு கேசரியை ஒரு வாய் வெச்சுட்டு, எங்கம்மா முன்னாடியே, ரவையை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்னு சொன்னாரு. எங்கண்ணனுக்கு வந்த கோவம். எனக்கு சிரிப்பு. அந்தக் கேசரி நான் கிண்டினது. வறுக்கலைதான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த ஆளைத்தான் கட்டுறதுன்னு.

அதுக்கப்புறம் ஒரு நாளு ஒரு பொழுது நான் வெச்ச குழம்பைக் குறை சொல்லாம சாப்பிட்டதில்ல. புளி தூக்கலா இருக்கு ஈசு. உப்பு கம்மி ஈசு. ஈசுன்னா நான்தான், பாண்டீஸ்வரி. இவரு மட்டும் ஈசும்பாரு.

அந்த நாக்கைத்தான் வெட்டணுங்குறாங்க.

பயப்படாதே, ஒட்டாது அது. கேன்சரு ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரு. பான்பராக்கு. அடுப்புல நிக்கிற ஆளுங்க நெறையப் பேரு போடுவாங்க, அனல் தெரியாம இருக்க. ஓரத்துல ஒரு புண்ணுன்னு வந்துச்சு, ஆறவே இல்ல. சதையைக் கிள்ளி டெஸ்டு பண்ணிப் பாத்துட்டு, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிருவோம், ஓரத்துல கொஞ்சம் எடுத்தாப் போதும்னு சொன்னாங்க. சரின்னு வந்தோம். அடுத்த தடவை போனா, பாதி எடுக்கணுங்குறாரு அதே டாக்டரு. போன மாசம் போனா, தொறந்து பாத்தாத்தான் எவ்வளவுன்னு சொல்ல முடியுங்குறாரு. மாத்தி மாத்திப் பேசுறாங்க தாயி. ஒரு டாக்டருன்னா சொன்ன சொல்லுல நிக்க வேண்டாமா? எந்த நம்பிக்கையில ஆளைக் குடுக்குறது? என் மக அனுசியா திருப்பூருல இருந்து போன் போட்டுக் கத்துறா, நீ லேட் பண்ணினதாலதாம்மா ஏறிக்கிட்டே போகுதுன்னு. நானா லேட் பண்ணினேன்?

முதல்ல சொன்னப்ப ஆடி. ஆடியில யாராச்சும் உடம்புல கத்தி வைப்பாங்களா? அப்புறம் பாஸ்போர்ட்டுல இவரு பேரைத் தப்பா அடிச்சுட்டான், அதுக்கு அலைஞ்சோம். அப்புறம் பெனடிக்ட் தம்பி சொல்லுச்சு, அக்கா, இப்ப சீனாவுல பெரிய லீவு, ஊரே ரோட்டுல நிக்கும், நல்ல கடையில இடம் கெடைக்காதுன்னு. அப்புறம் தீபாவளி. இதுல என் தப்பு எங்க இருக்கு, நீயே சொல்லு.

என்னங்க, தண்ணி வேணுமா? இல்லையா? பின்ன எதுக்கு வாட்சைக் காட்டுறீங்க? பெனடிக்ட் சாயங்காலம் வரைக்கும் இருக்கும். ஒண்ணும் அவசரமில்ல, உக்காருங்க.

எதுக்கு சீனான்னு கேக்குறே. சொல்றேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலேஜ் பையன் கடையில நின்னுக்கிட்டு, அண்ணே, நீங்க சீனாவுல போயி கத்துக்கிட்டீங்களான்னு கிண்டல் பண்ணினான். இவரு சட்டியைக் குலுக்கிக்கிட்டே சொன்னாரு, ஒரு நாளு போவேன்டா தம்பி, நம்ம ஃப்ரைட் ரைஸ்ல என்ன குறையுதுன்னு அங்க போயி தின்னுட்டு வருவேன்னு. நான் பக்கத்துல வெங்காயத்தாளு நறுக்கிட்டு நின்னேன். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. ஆனா ஆசைங்குறது அப்படித்தான தாயி வெளிய வரும். அழுதுக்கிட்டா சொல்வாங்க?

டெஸ்டு முடிவு சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து, கேட்டேன். உங்களுக்கு என்னதான் ஆசை, சொல்லுங்கன்னேன். ஒண்ணுமில்லைன்னாரு. ஒண்ணுமில்லைன்னா எப்படி? அப்பத்தான் எனக்கு அந்தச் சீனா ஞாபகம் வந்துச்சு.

ஒரு விஷயம் சொல்றேன் கேளு. இவங்கப்பா, எங்க மாமனாரு, படுத்த படுக்கையா இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. உசுரு போகமாட்டேங்குது. ஊருல பெரியவங்க சொன்னாங்க, மண்ணாசையா இருக்கும்னு. அவரு உழுத கரிசக்காட்டு மண்ணைக் கரைச்சு ஊத்தினோம். போகல. பொன்னாசையா இருக்கும்னு என் தாலியை உரசி ஊத்தினோம். போகல. அப்பத்தான் யாரோ சொன்னாங்க, மனுஷன் அயிரைமீன் குழம்பு கேட்டுக்கிட்டே இருந்தாரே, வாங்கிக் குடுத்தீங்களான்னு. இவருதான் ஓடிப்போயி மீன் வாங்கியாந்தாரு. இவரே வெச்சாரு. இவரே விரல்ல தொட்டு அவங்கப்பா நாக்குல வெச்சாரு. சப்பு கொட்டினாரு தாயி எங்க மாமனாரு. கொஞ்ச நேரத்துல அமைதியாப் போயிட்டாரு. இவரு அந்தக் கையைக் கழுவாம வாசல்ல உக்காந்திருந்தாரு.

உசுருக்கே அப்படின்னா நாக்குக்கு இருக்காதா? ஆசையை உள்ள வெச்சுக்கிட்டு அந்த நாக்கு எப்படிப் போகும்? அதைத்தான் இவருகிட்ட சொன்னேன். உங்கப்பாவுக்கு நீங்க செஞ்சதை உங்களுக்கு நான் செய்ய மாட்டேனா, சீனாவுக்கே கூட்டிட்டுப் போறேன்னு. அப்படியே என்னைப் பாத்தாரு. கஞ்சித் தட்டைத் தள்ளி விட்டாரு. அப்புறம் அழுதாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரு அழுது நான் பாத்ததே இல்ல. அவ்வளவு ஆசை இருந்திருக்கு தாயி சீனா மேல. எனக்கு மனசு தாங்கல. மறுநாளே பெனடிக்ட்கிட்ட போயிட்டேன்.

முதல்ல அந்தத் தம்பி கூட்டத்தோட போற டூரு சொல்லுச்சு. நோட்டீஸைக் காட்டுச்சு. தமிழ் சமையல்காரர் உடன் வருவார், மூணு வேளையும் நம்ம ஊரு சாப்பாடுன்னு பெருசாப் போட்டிருக்கு. பெருஞ்சுவரு மேல ஏறி நின்னு தயிர்சாதம் திம்பாங்களாம். எனக்கு வந்துச்சே கோவம். ஏம்பா, தயிர்சாதம் திங்கவா மனுஷன் சீனாவுக்குப் போறாரு? எங்களுக்குன்னு தனியாப் போடு, சாப்பாட்டுக்குன்னே போடுன்னேன். கோயிலு வேண்டாம், கோட்டை வேண்டாம், படகு வேண்டாம். காருல ஏத்து, கடையில எறக்கு, தின்னு முடிச்சா அடுத்த ஊரு. பைபாஸ் பக்கம் ஒரு மனை கெடந்துச்சு, வித்துட்டேன். அதை விடு.

முதல்ல ஒரே ஊருன்னுதான் பேச்சு. குவாங்சோ. அங்க காலையில டீயோட, மூங்கில் தட்டுல ஆவியில வெச்சு குட்டி குட்டியா என்னென்னவோ வருமாம், குடும்பம் குடும்பமா உக்காந்து மத்தியானம் வரைக்கும் திம்பாங்களாம். நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், நூடுல்ஸ் இல்லாம இவருக்கு என்ன சீனா? அதுக்கு சியான்னு ஒரு ஊரு. மாவைக் கையாலயே பெல்ட்டு மாதிரி அகலமா இழுத்து, பலகையில பட்டுன்னு அடிப்பாங்களாம். நம்ம புரோட்டா மாஸ்டரு மாதிரி. பெனடிக்ட் போன்ல படம் காட்டுச்சு, நான் இவருக்குக் காட்டினேன். பாத்துட்டு கண்ணை மூடிக்கிட்டாரு. அப்புறம் ஷாங்காய். கொழுக்கட்டைக்குள்ள சூப்பு கொதிக்கக் கொதிக்க இருக்குமாம், மெல்ல ஓட்டை போட்டு உறிஞ்சணுமாம். அப்புறம் செங்டு. அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்த ஊரு மொளகு ஒண்ணு இருக்காம், வாயில போட்டா நாக்கு மரத்துப் போயிருமாம். நல்லதுதான, வலி தெரியாதுல்ல.

அப்படி ஒவ்வொரு ஊரா சேந்துச்சு. நானா சேக்கல. ஒண்ணை விட்டா இன்னொண்ணு குறையுது. அந்தப் பக்கம் வரைக்கும் போயிட்டு இதை விட்டுட்டு வந்தா, பின்னாடி நெனச்சு நெனச்சு அழணும். பின்னாடி போயி தின்னுக்கலாம்னு இருக்க முடியுமா? பின்னாடிதான் நாக்கே இருக்காதே.

ஒண்ணு மட்டும் இவருகிட்ட சொல்லல. காதைக் குடு. கோபி மஞ்சூரியன் சீனாவுலயே கெடையாதாம். பெனடிக்ட் விசாரிச்சுட்டு சொல்லுச்சு. அந்தப் பேரு சொன்னா அங்க யாருக்கும் தெரியாதாம். இவரு எத்தனை பேருக்கு அதைப் போட்டிருப்பாரு. சொன்னா மனசு விட்டுப் போயிருவாரு. நீயும் சொல்லிராதே.

இப்ப எப்படிச் சாப்பிடுறாருன்னா, சாப்பிடத்தான் முடியல. அதையேன் கேக்குறே. காரம் ஆகாது. சூடு ஆகாது. ரசம் தெளிவைக்கூட ஒரு மொடக்கு குடிச்சுட்டு துடிச்சுப் போயிட்டாரு. உப்பு பட்டாலே எரியும்னு கஞ்சியில உப்பு போடுறதையே நிறுத்திட்டேன். ஆறவெச்சு, கரைச்சு, ஸ்பூனுல குடிக்கிறாரு. அதையும் ஒண்ணும் சொல்லாம குடிக்கிறாரு தாயி. அதுதான் என்னால தாங்க முடியல. உப்பில்லாத கஞ்சியைக் குடுக்குறேன், வாயைத் தொறந்து ஏன் ஈசு உப்பு போடலைன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குறாரு. கூலிக்கு வேலை செய்யுற மாதிரி குடிச்சுட்டு தட்டை வெக்கிறாரு.

சீனாவுல போயி எப்படித் திம்பாருன்னு அனுசியா கேக்குறா. ஒரு வாய் வெச்சாப் போதும்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய், மென்னு துப்பினாக்கூடப் போதும்னேன். அவ போனை வெச்சுட்டா. அதுல இருந்து பேசுறதில்ல.

தே.கல்லுப்பட்டி வந்துருச்சா? பேச்சுல தெரியல. என்னங்க, தூங்கலாம்ல, ஏன் வெளிய பாத்துக்கிட்டே வர்றீங்க? பாரு, சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாரு. டிக்கெட்டு அங்க இருக்கு. இன்னைக்கு அவரே எடுத்தாரு. நான் இந்தப் பையை மேல வெக்கிறதுக்குள்ள கண்டக்டரைக் கூப்பிட்டு, என்னமோ மெல்ல சொல்லி வாங்கிட்டாரு. என்கிட்ட குடுங்கன்னாலும் குடுக்கல. சரி, பத்திரமா இருக்கு, தெரியுது. நான் கேக்கல.

உனக்குச் சொன்னா என்ன, இன்னும் கிட்ட வா, அவரு காதுல விழக்கூடாது. இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில அட்மிஷன் போடச் சொல்லியிருந்தாங்க. திருமங்கலம் தாண்டி ரோட்டு மேலயே இருக்கும், வெள்ளைக் கட்டடம், நம்ம பஸ்ஸு அதைத் தாண்டித்தான் போகும். நான் போன் பண்ணி, பயணம் ஒண்ணு இருக்கு, போயிட்டு வந்து சேருறோம்னு சொல்லிட்டேன். அந்த நர்ஸம்மா என்ன பேச்சு பேசுது. டூரு போற நேரமாம்மா இதுன்னு. அந்தம்மா வீட்டுக்காரருக்கு நாக்கு இருக்கு, பேசுது. இவருகிட்ட நான் இன்னும் சொல்லல, தேதி இன்னைக்குன்னு. அந்தம்மா இவரு நம்பருக்கும் கூப்பிட்டிருக்கும் போல. அதைப் பத்தி என்கிட்ட ஒண்ணும் கேக்கலை, சொல்லலை.

நான் கெட்டவ இல்ல தாயி. எல்லாரும் என்னை அப்படித்தான் பாக்குறாங்க. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உக்காந்து அவரு வாயையே பாத்துக்கிட்டிருக்கேன். அந்த ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போயிட்டு வெளிய வர்றப்ப வாய்க்குள்ள என்ன இருக்கும்? அவரு என்னைக் கூப்பிட என்ன இருக்கும்? உசுரு இருக்கும்னு சொல்றாங்க. உசுரு இருந்து, நான் வெக்கிற சோத்துக்கு நல்லது கெட்டது சொல்ல ஆளில்லைன்னா, நான் யாருக்கு ஆக்குறது? டியூப்புல ஊத்துவாங்களாம் கொஞ்ச நாளு. டியூப்புக்கு எதுக்கு தாயி என் சமையலு. ஒவ்வொரு ஊரா சேக்கச் சேக்க, அந்த ஊரு முடியற வரைக்கும் அவரு வாயில அது இருக்கும்னு ஒரு நிம்மதி. இன்னைக்கு பெனடிக்ட்கிட்ட இன்னொரு ஊரும் கேக்கலாம்னு இருக்கேன். லான்ஜோவாம், அங்கயும் நூடுல்ஸுதான், ஆனா வேற மாதிரியாம்.

அழல. கண்ணுல தூசி.

ஆமா, திருமங்கலம் தாண்டியாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல மதுரை. அந்தா தெரியுது பாரு வெள்ளைக் கட்டடம், அதுதான். அங்கிட்டுப் பாக்காதீங்க நீங்க. இந்தப் பக்கம் திரும்புங்க.

ஏன் பஸ்ஸை மெதுவாக்குறான்?

என்ன கண்டக்டரே? யாரு எறங்கணும்? எங்களுக்கில்லப்பா, நாங்க மதுரை. ரெண்டு பேரும் மதுரை. எங்க டிக்கெட்டா? ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? தப்பாக் குடுத்திருப்பே, அவரு பேசுறது வெளங்கியிருக்காது உனக்கு. எழுதியா காட்டினாரு?

என்னங்க, எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. நம்ம எறங்கற எடம் இது இல்லைங்க. பெனடிக்ட் காத்திருக்கும். ஏங்க, பையை எதுக்கு எடுக்குறீங்க? அவருக்கு வழி விடாதே தாயி. நீ ஏன் வழி விட்டே?

எறங்கிட்டாரு.

சட்டையைப் பிடிச்சிருக்கலாம். பாத்துக்கிட்டே உக்காந்துட்டேனே.

கண்டக்டரே, நெசமா அவரு இந்த ஸ்டாப்பாத்தான் கேட்டாரா? டிக்கெட்டைக் கொண்டா, பாக்குறேன். அவருகிட்டதான இருக்கு டிக்கெட்டு, உன்கிட்ட ஏது. எத்தனை டிக்கெட்டு எடுத்தாரு? ரெண்டா? ரெண்டும் இங்க வரைக்குமா?

எனக்கும் எடுத்திருக்காரு தாயி.

கீழ நின்னு இங்கயே பாக்குறாரு. துண்டை வாயில இருந்து எடுக்குறாரு. எதுக்கு எடுக்குறீங்க, வலிக்கும், பேசாதீங்க. என்ன? காலையிலயா? காலையில என்ன?

கஞ்சியில உப்பே இல்லையாம்.

கேட்டியா தாயி? எத்தனை நாளாச்சு. நடு ரோட்டுல, பஸ்ஸு நிக்குறப்ப, அத்தனை பேரு கேக்க. கஞ்சியில உப்பே இல்ல ஈசுங்குறாரு.

இருப்பா டிரைவரே, எடுத்துராதே. காலைக் கொஞ்சம் மடக்கு தாயி, நானும் எறங்கணும்.